புதிய நீச்சல் குளத்திலும் ஸ்பாவிலும் வரும் பழுதுகள்: அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை முதல் கோவளம் வரையுள்ள வீடுகளில் குளம் கட்டித் தண்ணீர் விட்ட முதல் மூன்று மாதங்களுக்குள் என்னை அழைப்பவர்கள் சொல்லும் குறைகள் ஒன்பது பத்துக்குள் அடங்கிவிடுகின்றன. "கன்ட்ரோலர் போய்விட்டது" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். போய்ப் பார்த்தால் ஒரு வால்வு பாதியில் நின்றிருக்கும், அல்லது ஒரு ரப்பர் வளையம் காய்ந்து கிடக்கும். ஆகவே தானியங்கிப் பகுதியைக் கடைசியில் சந்தேகியுங்கள். குழாயையும் வால்வையும் முதலில் பாருங்கள்.

குளத்தைவிட உயரத்தில் ஸ்பா, அதிலிருந்து குளத்துக்கு வழியும் நீர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பம்ப், ஒரு மணல் வடிகட்டி, உறிஞ்சும் பக்கத்திலும் (பம்ப் நீரை இழுக்கும் பக்கம்) திரும்பும் பக்கத்திலும் (வடிகட்டிய நீர் மீண்டும் போகும் பக்கம்) மோட்டார் வைத்த மும்முனை வால்வு ஒவ்வொன்று என்ற அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். புதிய வீடுகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன்.

எந்தச் சோதனைக்கு முன்பும் கன்ட்ரோலரை சர்வீஸ் நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பம்ப் மூடியைத் திறந்திருக்கும்போது டைமர் மோட்டாரை ஓட்டிவிடும். கம்பியைத் தொடும் வேலை என்றால் எம்.சி.பி.யையும் (மின்பெட்டியில் அந்த இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்குங்கள். வடிகட்டி சுத்தமாக இருக்கும் நாளில் பிரஷர் கேஜ் காட்டும் எண்ணை வடிகட்டியின் மீதே மார்க்கரால் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் கீழே சொல்லும் பாதிச் சோதனைகளைச் செய்ய முடியாது.

காலையில் பார்த்தால் ஸ்பாவில் தண்ணீர் இறங்கியிருக்கிறது

தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். குளத்து நீர் மட்டத்துக்குச் சமமாக இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் ஸ்பாவில் ஓட்டை இல்லை. பம்ப் நின்ற பிறகு நீர் தன் எடையாலேயே குழாய் வழியாகக் குளத்துக்கு இறங்கியிருக்கிறது. அதற்கும் கீழே போயிருந்தால், அல்லது ஒரு ஜெட்டின் மட்டத்திலோ விளக்கின் மட்டத்திலோ நின்றிருந்தால், அந்த இடத்தில் கசிவு என்று கொள்ளுங்கள். இதை உறுதி செய்ய இன்னொரு வழியும் உண்டு. 40 சதுர மீட்டர் பரப்புள்ள குளத்தில் 800 லிட்டர் சேர்ந்தால் மட்டம் 2 செ.மீ. உயரும். இரவில் குளத்தின் டைல் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஸ்பாவில் குறைந்தது குளத்தில் ஏறியிருந்தால் தண்ணீர் வெளியே எங்கும் போகவில்லை.

குழாய் வழியாக இறங்குகிறது என்று தெரிந்தபின் காரணம் மூன்றில் ஒன்று. திரும்பும் பக்கத்து என்.ஆர்.வி. (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) சரியாக மூடாமல் இருக்கலாம். உறிஞ்சும் பக்கத்து மும்முனை வால்வின் உள்சீல் கசியலாம். அல்லது பம்ப் நிற்கும்போது அந்த வால்வு முழுமையாகக் குளத்தின் பக்கம் திரும்பாமல் பாதியில் நிற்கலாம். செலவில்லாதது கடைசியில் சொன்னதுதான் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். பம்பை நிறுத்தி, ஆக்சுவேட்டரின் (வால்வைத் திருப்பும் மோட்டார்ப் பெட்டியின்) பின்புறச் சுவிட்சை நடு நிலைக்குத் தள்ளி, வால்வைக் கையால் முழுவதும் திருப்பி ஸ்பாவின் உறிஞ்சு குழாயை அடைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். ஸ்பா இறங்காவிட்டால் கோளாறு ஆக்சுவேட்டரின் திருப்பத்தில் இருக்கிறது. அடுத்த தலைப்பைப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் என்.ஆர்.வி.யைத் திறக்க வேண்டும்.

கானத்தூர் பக்கம் ஒரு வீட்டில், ஸ்பா தினமும் காலியாகிறது என்று சொல்லி, உள்ளே ஒட்டிய கண்ணாடி மொசைக் டைல்களை உடைக்க ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார். அன்று என்.ஆர்.வி.யின் ஒளி புகும் மூடியைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே தட்டு ஒரு பக்கம் மட்டும் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. மூடியின் திருகுகளைக் கழற்றியதும் தட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே தேங்காய்த் துருவல் போலச் சுருண்ட ஒரு பி.வி.சி. சீவல் கிடைத்தது. குழாயை ரம்பத்தால் அறுத்தவர் விளிம்பைச் சுத்தம் செய்யாமல் ஒட்டியிருக்கிறார். சீவல் நீரோடு போய் அங்கே சிக்கிக்கொண்டது. எடுத்துப் போட்டு மூடியதோடு பழுது தீர்ந்தது. புதிய குளத்தில் என்.ஆர்.வி.யை மாற்றுவதற்கு முன் அதைத் திறந்து பார்க்காமல் இருக்கவே கூடாது.

உள்ளே அழுக்கில்லை, தட்டின் ஸ்பிரிங்கும் சரியாக இருக்கிறது, ஆனாலும் இறங்குகிறது என்றால் மும்முனை வால்வின் உள்சீலை மாற்ற வேண்டும். அதைப் பிளம்பர் ஒருவர் குழாயை அறுக்காமலே மாற்றிவிடுவார். ஸ்பா குளத்து மட்டத்துக்கும் கீழே இறங்கினால் மட்டும் கட்டியவரை அழையுங்கள். குழாய்களைத் தனித்தனியாக அடைத்து அழுத்தச் சோதனை செய்யாமல் எந்த டைலையும் தொட அனுமதிக்காதீர்கள்.

ஸ்பா நிலைக்கு மாற்றினால் ஸ்பா காலியாகிறது, அல்லது நிரம்பி வழிகிறது

இந்த இரண்டும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள். ஸ்பா நிலையில் இரண்டு வால்வுகளும் ஸ்பாவின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். உறிஞ்சும் வால்வு மட்டும் ஸ்பாவுக்குத் திரும்பி, திரும்பும் வால்வு குளத்திலேயே நின்றால், ஸ்பாவின் நீர் சில நிமிடங்களில் குளத்துக்குப் போய்விடும். பிறகு பம்ப் வறண்டு ஓடும். நேர்மாறாக நடந்தால் குளத்து நீர் ஸ்பாவில் கொட்டி வழியும். இதில் முதலாவதைக் கண்டவுடன் பம்பை நிறுத்துங்கள், ஏனென்றால் தண்ணீரில்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே மெக்கானிக்கல் சீல் உருகிவிடும்.

பம்பை நிறுத்திவிட்டு, நிலையை மாற்றும் பொத்தானை மட்டும் அழுத்தி, இரண்டு ஆக்சுவேட்டர்களுக்கும் நடுவே நின்று பாருங்கள். 180 பாகை திரும்ப ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும்.

*ஒன்று திரும்பவே இல்லை என்றால்:* அதன் பின்புறச் சுவிட்ச் நடு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். நடு நிலை என்றால் நிறுத்தம். யாரோ கையால் வால்வைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். நான் கண்டவற்றில் இதுதான் மிகுதி. சுவிட்ச் சரியாக இருந்தால் ஆக்சுவேட்டரைக் கழற்றிவிட்டு வால்வைக் கையால் திருப்புங்கள். கை வலிக்கும் அளவுக்கு இறுகியிருந்தால் வால்வுக்குள் மணலோ சிமென்ட் துகளோ சிக்கியிருக்கிறது. மூடியைத் திறந்து கழுவி, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்கள். வாசலினோ வண்டி கிரீஸோ தடவக் கூடாது, பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊதச் செய்துவிடும். வால்வு எளிதாகத் திரும்புகிறது, ஆக்சுவேட்டர் மட்டும் அசையவில்லை என்றால் கன்ட்ரோலரின் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுக் கம்பிக்கும் மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்றுக்கும் இடையே 24 வோல்ட் ஏ.சி. இருக்க வேண்டும், நிலையை மாற்றினால் அந்த மின்னழுத்தம் அடுத்த கம்பிக்குத் தாவ வேண்டும். தாவினால் ஆக்சுவேட்டர் கெட்டிருக்கிறது. தாவாவிட்டால்தான் கன்ட்ரோலரின் பலகையைச் சந்தேகிக்கலாம். அந்த இடத்தில் நிறுவியவரை அழையுங்கள்.

*இரண்டும் திரும்புகின்றன, ஆனால் ஒன்று எதிர்த் திசையில் நிற்கிறது என்றால்:* அதன் சுவிட்சை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளினால் திசை மாறிவிடும். கம்பியை மாற்றிக் கட்ட வேண்டியதில்லை.

*திரும்புகிறது, ஆனால் முழுவதும் போகாமல் நிற்கிறது என்றால்:* உள்ளே உள்ள கேம் தட்டு வேறு கோணத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வால்வின் கைப்பிடியில் எழுதியுள்ள 'OFF' எழுத்து அடைக்க வேண்டிய குழாய்க்கு நேராக வரும்வரை அதைத் திருத்த வேண்டும். பொறுமை உள்ளவர் தாமே செய்யலாம்.

பம்பின் கண்ணாடி மூடிக்குள் காற்று சுழல்கிறது, ரிட்டர்னில் குமிழி வருகிறது

ஸ்பா ஜெட்டில் குமிழி வருவது அதன் இயல்பு. காற்றுக் குழாயின் திருகை மூடினால் நின்றுவிடும். குளத்து ரிட்டர்னில் (வடிகட்டிய நீர் குளத்துக்குள் வரும் வாயில்) விடாமல் குமிழி வருவதுதான் பழுது. காற்று எப்போதும் பம்புக்கு முன்னால் உள்ள பகுதியிலிருந்துதான் நுழைகிறது. ஆகவே வடிகட்டியின் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

குளத்து நீர் ஸ்கிம்மர் (மேல்மட்ட நீரை இழுக்கும் சுவர்ப் பெட்டி) வாயின் பாதி உயரத்துக்காவது இருக்கிறதா, உள்ளே இருக்கும் மிதவைக் கதவு மேல்நோக்கி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பம்பின் மூடியைக் கழற்றி ஓ-ரிங்கை எடுத்து விரலால் முழுவதும் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலே காற்று புகும். கழுவி, மெல்லிய சிலிக்கான் கிரீஸ் பூசி, பள்ளத்தையும் துடைத்து மாட்டுங்கள். ஸ்ட்ரெய்னரின் (பம்பின் மூடிக்குக் கீழுள்ள கூடைப் பெட்டியின்) அடியிலுள்ள வடிகால் திருகுகளைக் கையால் இறுக்குங்கள்.

இதற்குப் பிறகும் நிற்காவிட்டால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இணைப்பின் மீதும் குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பில் ஊற்றும்போது மூடிக்குள் காற்று சட்டென்று குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. ஷேவிங் நுரை பூசினால் அது உள்ளே இழுபடுவது கண்ணுக்கே தெரியும். புதிய குளங்களில் நான் முதலில் பார்ப்பது பம்பின் வாயில் திருகிய பி.வி.சி. அடாப்டரைத்தான். திறப்பு நாளில் பம்ப் சிறிது நேரம் வறண்டு ஓடியிருந்தால் அந்தச் சூட்டில் அடாப்டரின் மரை சுருங்கிப் போயிருக்கும். எத்தனை டெஃப்லான் டேப் சுற்றினாலும் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். பம்ப் ரூம் குளத்து மட்டத்துக்குக் கீழே இருந்தால் தேடுவது இன்னும் எளிது: ஓடும்போது காற்றை இழுக்கும் ஓட்டை, பம்ப் நிற்கும்போது தண்ணீர் சொட்டும். நிறுத்திவிட்டுத் தரையில் ஈரம் தேடுங்கள்.

வெளியில் தெரியும் இணைப்பு எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கிம்மர் குழாயை மூடி மெயின் டிரெயினில் (குளத்தின் அடி வடிகாலில்) மட்டும் ஓட்டிப் பாருங்கள். காற்று நின்றால் மண்ணுக்கடியில் ஸ்கிம்மர் குழாயில் பழுது. அது நிபுணர் வேலை. இந்தச் சோதனை நடக்கும்போது யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. ஒரே வடிகாலின் வழியாகப் பம்பின் இழுவை முழுவதும் செல்லும்போது அதன் மேல் ஒட்டிக்கொண்ட உடலைக் கையால் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் 2002-ல் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஸ்பாவின் வடிகாலில் சிக்கி இறந்தாள். 2007-ல் அவள் பெயரில் வடிகால் மூடிகளுக்கான சட்டமே வந்தது. உங்கள் ஸ்பாவில் வடிகால் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் அன்றே பம்பை நிறுத்துங்கள். ஸ்பாவுக்கு ஒரே வடிகால் வைத்திருந்தால், குறைந்தது 90 செ.மீ. இடைவெளியில் இரண்டாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஜெட்டில் வேகம் இல்லை

கேஜைப் பாருங்கள், வழி மூன்றாகப் பிரிகிறது.

*வழக்கத்தைவிட அழுத்தம் கூடுதல்:* சுத்தமான நாளின் எண்ணைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடியிருந்தால் பேக்வாஷ் (நீரைப் பின்னோக்கி விட்டு மணலைக் கழுவுதல்) செய்யுங்கள். புதிய குளத்தில் டைல் கிரௌட்டின் தூள் முதல் வாரங்களில் மணலை அடைத்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு முறை என்ற கணக்கு அப்போது செல்லாது. மல்டிபோர்ட் வால்வின் (வடிகட்டியின் நிலையை மாற்றும் வால்வின்) கைப்பிடியைப் பம்ப் ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ஆரக்கால் வடிவ கேஸ்கட் பிய்ந்துவிடும், அதன் பிறகு வடிகட்டும் நிலையிலேயே கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பேக்வாஷுக்குப் பின் அரை நிமிடம் ரின்ஸ் செய்யாவிட்டால் சிறிது மணல் குளத்துக்கு வரும். ஆனால் நாள்தோறும் ரிட்டர்னின் அடியில் மணல் சேர்ந்தால் வடிகட்டியின் உள்ளே லேட்டரல் விரல் (மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் குழாய்) ஒன்று உடைந்திருக்கிறது. மணலை எல்லாம் எடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

*அழுத்தம் குறைவு:* கூடையில் இலை, ஸ்கிம்மரில் அடைப்பு, பாதி மூடிய வால்வு ஆகியவற்றைப் பார்த்த பின், பம்பின் மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு இம்பெல்லர் (பம்புக்குள் நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) வாயில் விரல் விட்டுப் பாருங்கள். கட்டுமானக் கூழாங்கல்லும் டைல் ஸ்பேசரும் அங்கே கிடைத்திருக்கின்றன.

மூன்று பேஸ் மோட்டார் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தெருவில் மின்கம்பி வேலை நடந்த மறுநாளிலிருந்து ஜெட் மெலிந்துவிட்டது என்று ஒருவர் அழைத்தார். மோட்டார் ஓடுகிறது, சத்தம் வழக்கம்போல, தண்ணீரும் வருகிறது, வேகம் மட்டும் இல்லை. பேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. மையவிலக்குப் பம்ப் எதிர்ப்பக்கம் சுழன்றாலும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும். பின்புற விசிறியின் திசையை மோட்டாரில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். எலக்ட்ரீஷியன் ஏதேனும் இரண்டு பேஸை இடம் மாற்றினால் சரியாகிவிடும். டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வைத்த மோட்டாரில் இந்தக் கோளாறு வராது.

*அழுத்தம் சரியாகவே இருக்கிறது:* ஜெட்டின் முகப்புத் திருகு மூடியிருக்கிறதா, மாறுவேகப் பம்பில் ஸ்பா நிலைக்குக் குறைந்த வேகம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், கசப்பான காரணம் ஒன்று உண்டு: குழாய் போதவில்லை. ஒரு ஜெட்டுக்கு நிமிடத்துக்கு 40 முதல் 55 லிட்டர் வேண்டும். 63 மி.மீ. உறிஞ்சு குழாயில் நிதானமான வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 270 லிட்டர்தான் போகும். எட்டு ஜெட் வைத்து ஒரே 63 மி.மீ. குழாய் போட்டிருந்தால், பெரிய பம்ப் வாங்கினாலும் சத்தமும் மின்கட்டணமும்தான் கூடும். இதைக் கட்டியவரிடம் எழுத்தில் கேளுங்கள். கல் பதிக்கும் முன்பு கண்டுபிடித்தால் இன்னும் நல்லது.

குளத்து நீர் நாள்தோறும் குறைகிறது

ஒரு வாளியில் குளத்து நீரை எடுத்து, குளத்தின் முதல் படியில் உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டமாக இருக்கும்படி வைத்து, 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் சமமாகக் குறைந்தால் ஆவியாகிறது, பழுதில்லை. குளத்தில் கூடுதலாகக் குறைந்தால் பம்ப் ஓடும் நாளையும் நிறுத்திய நாளையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஓடும்போது அதிகம் குறைந்தால் திரும்பும் குழாயிலும், நிற்கும்போது அதிகம் குறைந்தால் உறிஞ்சும் குழாயிலும், இரண்டிலும் ஒரே அளவு என்றால் குளத்தின் சுவரிலோ விளக்குக் குழாயின் வாயிலோ தேட வேண்டும். கழிவுக் குழாயின் முனை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை, பலர் அதைத்தான் மறக்கிறார்கள்.

ஓட்டையைப் பார்க்கிறோம் என்று சொல்லி ஐப்பசி, கார்த்திகையில் குளத்தைக் காலி செய்யவே விடாதீர்கள். கடலோரத்தில் அந்த மாதங்களில் நிலத்தடி நீர் தரைக்கு அருகில் ஏறி நிற்கும். தண்ணீரின் எடை இல்லாத காலித் தொட்டியை அது அடியிலிருந்து தூக்கிவிடும், தரை பிளந்துவிடும்.

ஸ்பா சூடாகவில்லை

முதலில் கணக்குப் பாருங்கள். 2,000 லிட்டரை 28 பாகையிலிருந்து 38 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 23 யூனிட் வெப்பம் வேண்டும். 12 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்புக்கு (காற்றின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் கருவி) அது இரண்டு மணி நேர வேலை. அரை மணியில் சூடாகவில்லை என்பது பழுதல்ல. அந்நேரம் புளோயரை (ஸ்பாவுக்குள் காற்று ஊதும் கருவியை) அணைத்து வையுங்கள், காற்று நீரைக் குளிரவைக்கும். "நீரோட்டம் இல்லை" என்ற பிழை காட்டினால் வடிகட்டியைச் சுத்தம் செய்து, பைபாஸ் வால்வைப் பார்த்து, பம்பின் வேகத்தைக் கூட்டுங்கள். நிறுத்திப் போட்டால் மூன்று நிமிடம் கம்ப்ரஸர் எழாமல் இருப்பது பாதுகாப்புக்காக. எந்த நிலையிலும் 40 பாகைக்கு மேல் வைக்காதீர்கள். வாயு அழுத்தப் பிழை வந்தால் குளிர்சாதன மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

உப்பு குளோரினேட்டர் பிழை காட்டுகிறது

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் இந்தக் கருவிக்கு 1,000 லிட்டருக்கு 3 கிலோ உப்பு என்பது பொதுவான அளவு. ஆனால் கடலோர போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும். அளக்காமல் மூட்டையைக் கொட்டிவிட்டு "உப்பு அதிகம்" என்ற பிழையோடு தவிப்பவர்கள் பலர். செல்லை (கருவியில் குளோரின் உண்டாகும் தகட்டுப் பகுதியை) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகடுகளில் வெள்ளைப் படிவு இருந்தால் நான்கு பங்கு நீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றி, அதில் சில நிமிடம் ஊற வையுங்கள். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல.

செல்பேசி செயலியில் தொடர்பு இல்லை, வெப்பநிலை தவறாகக் காட்டுகிறது

பலகையிலுள்ள பொத்தானால் பம்ப் ஓடுகிறது, செயலியில் மட்டும் ஓடவில்லை என்றால் பழுது வைஃபையில். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். பலகையாலும் மாறுவேகப் பம்ப் கேட்கவில்லை என்றால் தரவுக் கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றனவா, பம்பின் முகவரி எண் கன்ட்ரோலரில் உள்ளதோடு பொருந்துகிறதா, அந்தக் கம்பி மின்கம்பியோடு ஒரே குழாயில் ஓடுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தால் ரிலேயில் எறும்புக் கூட்டையோ செத்த பல்லியையோ காணலாம். கம்பி நுழையும் ஓட்டைகளை அடைக்காமல் பெட்டியை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பம்ப் நிற்கும்போது காட்டும் வெப்பநிலை குழாயில் தேங்கிய நீருடையது. பத்து நிமிடம் ஓடிய பின் பாருங்கள். அப்போதும் தவறென்றால் சென்சார் கம்பியைக் கழற்றி அளவிடுங்கள். வழக்கமான சென்சார் 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி. அது விழுந்தால் எல்லாரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றுங்கள். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அதை இறக்கியே வைத்துவிட்டு, அதன் மீது "தொடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். பெரும்பாலும் அது நீருக்கடி விளக்கின் கம்பி இணைப்பாகவோ, ஈரம் இறங்கிய மோட்டாராகவோ இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து அளக்கத் தெரிந்த உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை நீக்கி நேராக இணைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். வேறொருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குளத்தில் யாரும் இறங்க வேண்டாம்.